பெயர்ச்சீட்டு கழுவிய ஆயுத பூஜை

சுப்பையனுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கூடத்தில் அவன் எடுபிடி. மெர்டேக்கா என்று நாட்டுச் சுதந்திரம் கொண்டாடி ஒரு மாதம்தான், ஆயுத பூஜை வந்துவிட்டது. பள்ளி விட்டதும் சீசாக்களைத் தேய்த்துக் கழுவினான். பெயர்ச்சீட்டுகளும் கூடவே கரைந்துபோயின. மனுஷன் கவலைப்பட்டானா? பொட்டு வைக்கப் போய்விட்டான். பாதியில் குங்குமம் தீர்ந்தது. சிவப்புத் தூள் சீசாக்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் இரும்புத்துரு, மற்றதில் பாதரசச் சேர்மம், கொடிய விஷம். துருதான் என்று ஒன்றை எடுத்து, பொரி வைத்த இலையோரம் கொட்டினான்.

திரும்பிப் பார்த்தால், கூட வந்த நாலு வயது மகள் கமலவேணி விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, என்னம்மா தின்ன?"

"பொரிப்பா." நாக்கெல்லாம் சிவப்பு.

ஆஸ்பத்திரிக்கு ஓடினால் விஷயம் வெளியே வரும், வேலை போகும். துருவாக இருந்துவிட்டால்? வாத்தியார் ஜெயபாலன் வருஷாவருஷம் பையன்களுக்குக் காட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். காய்ச்சினால் துரு உடையாது. பாதரசச் சேர்மமோ உடைந்து, தனிமமான பாதரசமும், தணல் குச்சியைப் பற்றவைக்கும் பிராணவாயுவும் வெளியே வந்துவிடும்.

மீதித் தூளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு விளக்கில் பிடித்தான். தூள் கறுத்தது. துருவும் முதலில் கறுக்கத்தானே செய்யும்! "தாயே, துருவா இருக்கட்டும்" என்று முனகினான். விளக்கைத் தள்ளி வைத்தான், திரும்ப இழுத்தான். அணைத்தும் தணல் மாறாத குச்சியைக் குழாய்க்குள் நீட்டினான். குப்பென்று பற்றிக்கொண்டது. குழாயின் மேற்சுவரில் வெள்ளி வெள்ளியாய்ப் பாதரசப் பொடிமணிகள் ஒட்டியிருந்தன.

குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு பிள்ளையை வாரித் தூக்கினான். தெருவில் போன பேச்சா என்னும் மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷாவை மறித்து ஏறினான். "சீக்கிரம்யா, சீக்கிரம்!" தோளில் அவள் வாந்தியெடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி பூங்காவனம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "என்ன தின்னுச்சு?"

'தெரியல' என்ற சொல் நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டுத் துணியைப் பிரித்தான். "பாதரச மருந்தும்மா. நான்தான் கொட்டி வச்சேன்."

மிஸ்ஸி உள்ளே திரும்பி விஷமுறிவுக்கு முட்டை வெள்ளைக்கரு கேட்டுக் கத்தினாள். "தின்னு எவ்ளோ நேரமாச்சு?"

"அரை மணி இருக்கும். இதுதானான்னு காய்ச்சிப் பாத்துட்டு…"

"அரை மணியா? பிள்ளைய வச்சுக்கிட்டா காய்ச்சிக்கிட்டு இருந்தீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கமலவேணி "அப்பா, அப்பா" என்று அழுதாள்.