துப்பாக்கிக் கட்டையில் குங்குமம்

அர்பாபுக்கு, அதான் அரபு முதலாளிக்கு, ஒட்டகமும் பிடிக்காது, பருந்தும் பிடிக்காது. அவருடைய ஆசையெல்லாம் ஒரு சின்னத் துப்பாக்கி மேல். இருபத்திரண்டு காலிபர். ஒவ்வொரு தடவையும் இழுத்து மாட்ட வேண்டாம், விசையை அழுத்த அழுத்தச் சுடும். அதை வைத்து அவர் ஒரு காக்கையைக் கூடக் கொன்றதில்லை. வெள்ளிக்கிழமை மணலில் தகர டப்பாக்களை நிறுத்திச் சுடுவார். மற்ற நாளில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குறி பார்க்கும் குழாயை மாற்றினார், விசையை மாற்றினார், தோள்வாரை மாற்றினார். கல்யாணப் பெண்ணுக்குக் கூட அவ்வளவு சோடனை நடக்காது. கடைசியில் அதன் பிளாஸ்டிக் கட்டை பிடிக்காமல் போய், மரத்தில் செய்து தரச் சொல்லி வேலுச்சாமியிடம் வந்தார்.

அபுதாபிப் பக்கம் அல் ஐன் சனையாவில், அந்தத் தொழிற்பேட்டையில், அர்பாபின் மரப்பட்டறைக்கு வேலுச்சாமிதான் மேஸ்திரி. அறந்தாங்கிப் பக்கத்து ஆள். வயது அறுபதாகப் போகிறது. அறுபது ஆனவனுக்கு விசா அடிப்பது லேசில்லை. அர்பாபே ஆபீசுக்குப் போய்ப் பேசினால்தான் உண்டு. கட்டையை முடித்துக் கொடு, போய்ப் பேசுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். விசா இல்லையென்றால் ஊருக்குப் போய் மகன் கையைப் பார்த்து நிற்க வேண்டும். மகன் எப்படிப்பட்டவன் என்று வேலுச்சாமிக்குத் தெரியும்.

துப்பாக்கியை அர்பாப் பட்டறையில் விட்டுப் போக மாட்டார். அளவு பார்க்கக் கொண்டுவருவார், கையோடு எடுத்துப் போவார். கட்டை மட்டும் இங்கே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வெள்ளை மரம், பால் மாதிரி. நிறம் எதுவும் ஏற்றக் கூடாது, எண்ணெய் மட்டும் பூச வேண்டும் என்று அர்பாப் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கன்னத்தைச் சாய்க்கிற மேட்டை அவர் முகத்துக்குத் தக்கபடி வேலுச்சாமி இழைத்து இழைத்து எடுத்தார்.

எண்ணெய் பூசுவது பாலிஷ்காரன் முகம்மது சித்தீக்கின் வேலை. அதிராம்பட்டினத்துப் பையன், பையன் என்றாலும் நாற்பது வயது. "அண்ணே, நம்ம ஊருக்கும் ஒங்க ஊருக்கும் ஒரே பஸ்தான்ணே" என்று வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவன். வேலுச்சாமி அவனை ஒட்டவிடவில்லை. தன் உளிகளைப் பூட்டியே வைத்திருந்தார். வேலை நாம் செய்ய, பேர் அவன் வாங்கிக்கொள்வான் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. வேலுச்சாமி காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து பட்டறையைக் கூட்டினார். இழைப்புளி, ரம்பம், உளி, டிரில் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கடைசியில் துப்பாக்கிக் கட்டை. ஆயுத பூஜையில் ஆயுதத்தை விட்டுவிட்டு அரத்துக்கும் ஆணிக்கும் பொட்டு வைப்பது என்ன நியாயம்? கன்ன மேட்டில் நல்லதாக ஒன்று வைத்துக் கும்பிட்டார்.

கற்பூரம் அணைந்த பிறகு கட்டையைத் துடைத்தார். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. எண்ணெய் காணாத வெறும் மரம், ஈரத்தோடு சாயத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. உப்புத்தாள் போட்டார். சிவப்பு அகன்றதே ஒழியப் போகவில்லை. இன்னும் தேய்த்தால் மேடு பள்ளமாகிவிடும்.

"என்னாண்ணே, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

சித்தீக் பின்னால் நின்றான். வேலுச்சாமி கட்டையைத் துணியால் மூடினார்.

"ஒண்ணுமில்ல. ஒன் வேலையப் பாரு."

"பாத்துட்டேண்ணே. கறைய வெளுக்குற மருந்து இருக்கு. குடுங்க, சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவேன்."

"எடுத்துட்டு, அர்பாப்கிட்டப் போயி நான்தான் காப்பாத்துனேன்னு சொல்லுவ. தெரியும்டா ஒன்ன."

"நோன்பு வச்சிக்கிட்டு ஒங்ககிட்ட என்னத்தண்ணே நான் சண்ட போட." அவன் போய்விட்டான்.

அர்பாப் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார். வாயில் பச்சைத் தண்ணீர் படாத முகம். கட்டையை எடுத்துத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். சரியாகப் பொருந்தியது. சிரித்தார். பிறகு கீழே இறக்கியவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"யே க்யா ஹை?"

வேலுச்சாமியின் கை தானாக நீண்டது, அரைகுறை இந்தியில் சொன்னார். "சித்தீக், அர்பாப். பாலிஷ் கொட்டிட்டான். நான் சொன்னேன், கேக்கல."

அர்பாப் திரும்பினார். சித்தீக் முதலில் வேலுச்சாமியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

"ஆமா அர்பாப். மேரா கல்தி," என்றான். என் தப்புதான்.

அர்பாப் கட்டையை மூக்கருகில் கொண்டுபோனார், பாலிஷ் வாடையே இல்லை. பிறகு பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ரம்பம், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. மேசையில் இழைப்புளி, அதில் ஒன்று. டிரில் மிஷினின் நெற்றியில் ஒன்று. உளிகள் வரிசையாகப் பொட்டோடு கிடந்தன. கடைசியாக வேலுச்சாமியின் நெற்றியைப் பார்த்தார். கட்டையைத் துடைக்கத் தெரிந்த மனுஷனுக்கு மற்றதெல்லாம் நினைப்பில்லை.

அர்பாப் கத்தவில்லை. என் டிரைவர் அய்யப்பன் வருஷா வருஷம் காருக்கு இதை வைக்கிறான், நான் என்ன அவனை அடித்தேனா, எதனால் வந்த கறை என்றுதானே கேட்டேன் என்று இந்தியில் சொன்னார். பிறகு சித்தீக்கிடம் கேட்டார், நோன்பாளி வாயால் ஏன் பொய் சொன்னாய்?

"புட்டா ஆத்மி ஹை, அர்பாப்," என்றான் சித்தீக். கிழவன், பாவம்.

வேலுச்சாமி அறுபது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறார். இப்படி ஒன்றை வாங்கியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தூளில் தன் கால்விரல்கள் அசைவது தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

அர்பாப் கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கறை இருக்கட்டும், டப்பாவுக்கு அது தெரியவா போகிறது என்றார். வாசலில் நின்று, பாஸ்போர்ட்டை நாளைக்கு ஆபீசில் கொடு என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ரத்து செய்கிறேன், போ என்று சொல்லியிருந்தால் வேலுச்சாமி அன்று ராத்திரியே நிம்மதியாகப் பெட்டி கட்டியிருப்பார். இன்னும் இரண்டு வருஷம், இதே பட்டறை, இதே மேசை, எதிரே அவன்.

மறுநாள் காலையில் உளிப்பெட்டியைப் பூட்டாமல் திறந்து வைத்தார். சித்தீக் வந்தான். சட்டையை மாற்றினான். பெட்டியைப் பார்த்தான், எதையும் தொடவில்லை.

"சித்தீக்கு," என்றார் வேலுச்சாமி. "நேத்து நான்..."

"அந்தத் தேக்குக் கதவு ரெண்டையும் முடிச்சிட்டீங்களா, மேஸ்திரி?" என்றான் அவன், மரியாதையாக. "முடிஞ்சிருந்தாக் குடுங்க. வெயிலுக்கு முன்னாடி பாலிஷ் போட்டுர்றேன்."