கால் பட்டதற்கும் விரல் போனதற்கும்

எங்கள் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பேர் வேலை. பாண்டுரங்கன் தகட்டை அச்சுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்ததும் 'ம்' என்பான். நான் பெடலை மிதிப்பேன், மேல் அச்சு இறங்கி வெட்டும். ஒரு ஷிப்டில் ஆயிரம் தகடு, ஆயிரம் 'ம்'. வேறு பேச்சு கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் 'ம்' சொல்லவில்லை. என் கால் தானாக இறங்கிவிட்டது. அவன் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

கையை எடுக்காமலே 'ம்' சொல்லிவிட்டான், அவனுடைய கவனக்குறைவு என்று ஆபீஸில் எழுதினார்கள். சூப்பர்வைசர் என்னைக் கேட்டபோது தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்பதை அவரே முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. எழுதியது உறுதியானால் அவனுக்கு வேலை போய்விடும்.

கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் 'சாரி' என் வாயில் ஏறியது. ஐந்து நிமிடம் பிந்தினால் சாரி. கேன்டீனில் டீயைச் சிந்தினால் சாரி. எதிராளி 'பரவாயில்லை' என்பார், அத்தோடு முடிந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு வார்த்தை புழங்கி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவன் நான்கு நாள் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டான். ஐந்தாம் நாள், யாரும் கூப்பிடாமலே அவர்கள் கழனியில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருப்பான்.

வியாழக்கிழமை சைக்கிளில் வடக்குப்பட்டிலிருந்த பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனேன். அவன் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"சாரிடா பாண்டு."

"உட்றா. நீ இன்னா பண்ணுவ? நான்தான் கைய உள்ள வச்சிக்கினே 'ம்' சொல்ட்டேன் போல. ஞாபகமே இல்ல. இனிமே மூக்கு சொறிய எடது கைதான்."

அவனே சிரித்துக்கொண்டான். அவன் மனைவி சந்திரம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

கிளம்ப எழுந்தபோது என் கால் அவன் காலில் பட்டுவிட்டது. பழக்கத்தில் சட்டென்று குனிந்து, அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னாண்ணா," என்றாள் சந்திரம்மாள். "கால் பட்டதுக்கு இப்டிக் குனியிற. வெரலு போனதுக்கு, நின்னுக்கினே ஒரு சாரிதானா?"

நான் நிமிரவில்லை.

"அவன் 'ம்' சொல்லலம்மா. அதுக்கு முன்னாடியே மிதிச்சிட்டேன்."

பாண்டுரங்கன் தன் கையையே பார்த்தான். "இத நாளைக்கு அங்க சொன்னா, உன்னத் தூக்கிடுவானுங்களேடா."

"நீ சும்மா இரு," என்றாள் அவள். "சொல்லுவியா, மாட்டியா?"

நான் சைக்கிளை எடுத்தேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் பாண்டுரங்கன் ஜன்னலோரம் நின்றிருந்தான். நான் உள்ளே நுழைந்தபோது ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது.

"சாரி சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பரவாயில்ல, உக்காரு," என்றார் அவர், பைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் உட்காரவில்லை.

"அவன் 'ம்' சொல்லல சார்," என்றேன்.