ஆளுக்கு ஒன்று

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரையை எடுத்தாள். கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடியாக்கி, கணவனின் டீயில் போட்டு, கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரையைத் தாராளமாக அள்ளிப் போட்டாள். அவன் துண்டோடு வெளியே வருவதற்குள் கரண்டி கழுவித் துடைத்து அதன் இடத்துக்குப் போயிருந்தது. சில மாதங்களாக அவளுக்கு இதுதான் விடிந்ததும் முதல் வேலை.

அவன் பல் செட் செய்கிறவன். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் ஓர் அறை. அங்கே மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, பிளாஸ்டர் அச்சு, அலமாரி முழுக்க யார் யாருடைய வாயோ. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள், அலமாரியில் இருக்கும் பல்லெல்லாம் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று அவள் சிரித்துத் தொலைத்தாள். பிறகு, வீட்டில் தனக்குக் கொடுப்பதில் ஏதோ கலக்கிறார்கள் என்று சாப்பாட்டை நிறுத்தினான். குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவள் அவன் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டி, "பாருங்க, நானே குடிச்சிட்டேன். என் மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல" என்று அழுதாள். அன்றைக்கு அது சத்தியம்தான்.

அவன் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவல்லவா குடும்பம். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். செல்போனை ரொம்ப நேரம் பார்த்ததால் மூளை சூடாகிவிட்டது என்றார் சித்தப்பா. அவர் பொழுதுக்கும் செல்போனும் கையுமாக இருப்பவர். அவருக்குச் சூடாக உள்ளே ஏதாவது இருந்தால்தானே. ஈரத் தலையோடு படுத்ததால் வந்தது என்றார் பெரியம்மா. மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த நாத்தனார், அவனுக்கு அக்கா, கீழ்வீட்டில் குடியிருக்கிறவள், நோயே இல்லை என்று ஒரே வெட்டாக வெட்டினாள். "எங்ககூட இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்தான். நிம்மதியா ரெண்டு வாய் சோறு போட்டா தானா சரியாயிடும். டாக்டருங்க மாத்திரையக் குடுத்து நிஜமாவே பைத்தியமாக்கிடுவானுங்க."

இவளோ உட்கார்ந்து படித்தாள். மனச்சோர்வு வேறு, மனச்சிதைவு வேறு, உச்சிக்கும் பாதாளத்துக்குமாக மனம் ஏறி இறங்கும் நோய் வேறு என்று தெரிந்துகொண்டாள். பரம்பரை, மூளைக்குள் சுரப்பது, மனசில் விழுந்த அடி என்று காரணம் பலவாக இருக்கும், யாரோ ஒருத்தி சோறு போடாததால் வருவதல்ல என்றும் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டது அவளுக்கு ஒரு கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. குடும்பம் கூடினால் மூலையில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் ஒரு நோயை ஒட்டுவாள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கும் நாத்தனாருக்கு ஒன்று, தன்னைப் பெரிய மேதாவி என்று நினைக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று. இந்தக் கூமுட்டைகளிடம் போய் என்னத்தைப் பேசுவது என்று வாயையே திறக்கமாட்டாள்.

யார் சொல்லையும் கேட்காமல் அவளே அவனை மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். மாத்திரை சாப்பிட்டு அவன் தேறினான். பல்லெல்லாம் பேச்சை நிறுத்தின. தேறியதும், "குணமானவனுக்கு எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டான். கெஞ்சினாள், சண்டை போட்டாள், அசையவில்லை. இன்னொரு முறை அவன் குழாயில் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்படித்தான் டீயில் கலக்க இறங்கினாள்.

இப்போது அவன் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நடை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது, முகத்தில் சிரிப்பு ஏறவில்லை, தூங்கும்போது தலையணையெல்லாம் எச்சில். மெழுகில் பல் பதிக்கிறவனுக்குக் கை நடுங்கினால் பிழைப்பு என்னாவது? பல் டாக்டர் இவளுக்கே போன் செய்தார். "முன்பல்லு கோணலா நிக்குதும்மா. ரெண்டு பேர் திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்ல வேலைக்காரர், எனக்கு மனசே வரல. ஆனா கை சரியாகலன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

"மறுபடியும் வருதா?" என்று அன்று அவன் கேட்டான். கேட்டபோது கீழுதடு நடுங்கியது. மறுநாளே அவள் டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

மனநல டாக்டரிடம் கிளம்பியபோது, நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நோயே இல்லை என்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா அவன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"மாத்திரை எவ்வளவு எடுக்கறீங்க?"

"நிறுத்தி மாசக்கணக்கா ஆச்சு டாக்டர்."

"நிறுத்தினவருக்கு இப்படி ஆகாதே. இது மாத்திரை அதிகமானா வர்ற நடுக்கம்." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உள்ள என்ன போகுதுன்னு தெரியாம நான் எதையும் எழுத முடியாது."

இவள் தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வந்தது. அவன் கை மேஜை விளிம்பில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"காலையில ஒண்ணு குடுக்கறேன்" என்றாள். "டீயில."

"ஒண்ணுக்கு இவ்வளவு வராதும்மா."

நாத்தனார் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். "சாயந்திரம் ஒண்ணு" என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில். "வேலை முடிஞ்சு வரும்போது எங்க வீட்ல பால் குடிப்பான். டாக்டரோட பழைய சீட்டக் காட்டி வாங்கினேன்."

அவன் இருவரில் ஒருவரையும் பார்க்கவில்லை.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான்.

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "அன்னைக்கு நீங்க நினைச்சது நோய். இவங்க இப்ப பண்ணது தப்பு. ரெண்டும் வேற வேற."

அவன் யோசித்தான். "அது எனக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

டாக்டரம்மா மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். சில நாள் நிறுத்திவிட்டு அப்புறம் பாதி மாத்திரை என்றார். இனிமேல் மாத்திரை அவனுக்குத் தெரிந்து, அவன் கையாலேயே எடுத்தால் மட்டும்தான் என்று இரண்டு பெண்களையும் பார்த்துச் சொன்னார்.

அவன் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

"நோயே இல்லன்னீங்களே அண்ணி."

"சொன்னேன். ஒருநாள் எங்க வீட்டுச் சுவத்துல காத வெச்சு நின்னான். பயந்துட்டேன். உங்கிட்ட எந்த முகத்த வெச்சுகிட்டு வந்து சொல்றது?" நாத்தனாரின் கண் கலங்கியது. "நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டயா?"

கேட்ட பிறகுதான் தன் குரலே இவள் காதில் விழுந்தது. மூலையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நோய் ஒட்டியவளின் குரல். இவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இவள் மதிக்காமல் வாயை மூடிக்கொண்டாள், அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். நடுவில் ஒருத்தன் இரண்டையும் சேர்த்துக் குடித்திருக்கிறான்.

பாதி மாத்திரை தொடங்க வேண்டிய காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. அவள் எழுந்து வந்தபோது அவன் சமையலறையில் நின்றிருந்தான். எல்லா டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்திருந்தான். அவனே டீ போட்டான். வாசலில் நாத்தனார் வந்து நின்றாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

டீயை ஊற்றும்போது பாதி மேடையில் சிந்தியது. துடைக்க இவள் கையை நீட்டினாள். அவன் விலக்கினான். ஒரு டம்ளரை இவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ குடி."

குடித்தாள்.

"அக்கா, நீயும்."

நாத்தனார் உள்ளே வந்து அதே டம்ளரை வாங்கிக் குடித்தாள். அவன் இருவரின் தொண்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தான், விழுங்கி முடிக்கும் வரை. பிறகு மாத்திரைப் பட்டையைப் பிரித்து, கத்தியால் ஒன்றைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியைத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டான். கை ஆட, மாத்திரையும் கூடவே ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் டீ ஆறிக்கொண்டிருந்தது.