பாய்லர் கூலியும் என் முன்பல்லும்

சமையலறை அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் என் பல் இருந்தது. பல் என்றால் பல்லுக்கான காசு. மேல்வரிசை முன்பல் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து சிரிப்பு வந்தாலே கை தானாக வாய்க்குப் போய்விடும். காபியில் முக்கிய சர்க்கரைக்கட்டியைக் கடைவாயில் வைத்து, எலும்பு கிடைத்த நாய் மாதிரி கடித்துக்கொண்டிருந்தேன். பல் வைத்தியர் இருநூறு மார்க் கேட்டிருந்தார். டின்னில் அது சேர்ந்த அதே வாரம், அக்டோபரில், கீழ் அறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி பாய்லர் வெடிப்பு விட்டது. தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர்.

புது பாய்லருக்கு எங்கள் சேமிப்பு போயிற்று. டின்னும் கூடவே போயிற்று. என் கணவர் ரசிம் அதைத் திறந்து எண்ணும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கவலப்படாத கெழவி. மேஸ்திரி கூலிக்கு எழுநூறு தனியா வச்சிருக்கேன். பாதி வேலைய நானே பண்ணிருவேன். மிச்சமாகுற கூலி உன் பல்லுக்கு."

"பல்பு மாத்தவே மூணு நாள் யோசிக்கிற ஆளு நீ."

"முப்பது வருஷம் எஃகு ஆலைல இருந்தவன்கிட்ட பேசுற."

"அதே ஆலைல உன் தலைக்கு மேல கிரேன் ஓட்டினவ பேசுறேன், மனுசா."

இருபத்தாறு வருடம் எங்கள் ஸெனிட்சா ஊரின் எஃகு ஆலைக் கூரைக்குக் கீழே ஒரு இரும்புக் கூண்டில் உட்கார்ந்து, கொதிக்கும் இரும்பைத் தூக்கி ஆண்களின் தலைக்கு மேலே கொண்டுபோனவள் நான். எவன் எங்கே சும்மா நிற்கிறான் என்பது மேலிருந்து நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் வேலைக்கு முன்னால் கூலி பேசமாட்டார்கள். எவ்வளவு என்று கேட்டால் மேஸ்திரி "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பான். மறுபடி கேட்பவன் கஞ்சன். தொகை சொல்லிவிடுகிற மேஸ்திரி பணப்பேய். வேலை முடிந்ததும் வீட்டுக்காரன் கவரில் வைத்துக் கொடுப்பான், மேஸ்திரி எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வான், அதற்குப் பிறகு சாகும்வரை இரண்டு பேரும் அந்தத் தொகையை வாயில் எடுக்கமாட்டார்கள். இதற்கு மரியாதை என்று பெயர். இந்த மரியாதையில் எத்தனை வீட்டில் வயிறெரிந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு பொழுது போதாது.

வெள்ளிக்கிழமை ரசிம் தன் பாதியை ஆரம்பித்தார். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் இருந்த தண்ணீரை இறக்கினார். இறக்கினார் என்றால் திருகைத் திறந்தார். துருத்தண்ணீரை வாளி வாளியாகத் தோட்டத்துக்குச் சுமந்தது நான். நாற்பது வாளி, எண்ணினேன். பிறகு பழைய பாய்லரைக் கழற்றினார், நான் விளக்கு பிடித்தேன். புதியதை வைக்க ஒரு சிமெண்ட் மேடை கட்டினார். அது காய நான்கு நாள் விட்டார். லாரிக்காரர்கள் புது பாய்லரைக் கீழ் அறையின் வெளிவாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இருநூற்றுப் பத்து கிலோ. அடியில் மூன்று குழாய்களைக் கொடுத்து உருட்டலாம் என்று சொன்னவள் யார் என்று கேட்காதீர்கள். ரசிமிடம் கேட்டால் அது அவருடைய யோசனை.

"மேஸ்திரி வரதுக்குள்ள மேடைல ஏத்தி வச்சுட்டா அவனுக்கு வேலையே இருக்காது. குழாய மாட்டி முத்திரை குத்த வேண்டியதுதான்" என்றார். அந்த முத்திரை இல்லாவிட்டால் கம்பெனி பாய்லருக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளாது. மேஸ்திரியைக் கூப்பிட்டதே பாதி அதற்காகத்தான். புதன்கிழமையே பாய்லர் மேடையில் ஏறிவிட்டது.

மேஸ்திரி விங்கோ வியாழக்கிழமை காலையில் வந்தான். நாற்பத்தைந்து வயது, நெட்டையான ஆள், பேச்சு குறைவு. முதல் காபியைக் குடித்துவிட்டு கீழே இறங்கி பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றினான். ரசிம் மேடைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி நின்றார். விங்கோ குனிந்து சாம்பல் பெட்டியை இழுத்தான். பெட்டி ஒரு சாண் வந்தது. சுவரில் இடித்து நின்றது.

"சாம்பல் பெட்டி வெளில வரலியே, ரசிம் அண்ணே."

"ஒரு சாண் வருதே."

"வருது."

"ஒரு சாண் போதாதா?"

"சாம்பல் ஒத்துக்கிட்டா போதும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு படியேறினேன். ரசிம் பாய்லரின் உடம்பை அளந்து மேடை கட்டியிருக்கிறார். அதன் வயிற்றிலிருந்து ஒரு பெட்டி வெளியே வரும் என்பதை மறந்துவிட்டார். விங்கோ சிரிக்கவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

நான் காபித் தட்டோடு திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பாய்லரைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. ரசிமின் கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது.

"தள்ளாதீங்க" என்றேன். "அந்தக் கடப்பாரைய இடது மூலைக்கு அடில குடு, விங்கோ. இன்னும் உள்ள. மனுசா, நீ குழாய எடுத்துக்கோ. நான் கை காட்டுறப்ப மட்டும் சொருகு."

நான் கிரேனில் இருந்தபோது கீழே நின்றவர்கள் காட்டிய கைச்சைகையை முப்பது வருடம் கழித்து நான் காட்டினேன். அரை அங்குலம், நிறுத்து, இன்னும் அரை. இருபது நிமிடத்தில் பாய்லர் கால் சுற்றுத் திரும்பி, சாம்பல் பெட்டி கதவுப் பக்கம் பார்த்து நின்றது. மேடையின் ஒரு ஓரம் உடைந்தது. ரசிம் அதைத் தன் விலா எலும்பு உடைந்த மாதிரி பார்த்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க, அக்கா?" என்றான் விங்கோ.

"ஆலைல, உங்கப்பன் தலைக்கு மேல."

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. திரும்பிய பாய்லருக்குப் பழைய அளவுகள் எதுவும் சேரவில்லை. ரசிம் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த குழாய்களில் பாதி குட்டை. விங்கோ புதிதாக வெட்டிப் பற்றவைத்தான். மூன்று நாள். முதல் நாள் பீன்ஸ் குழம்பும் புகையூட்டிய மாட்டிறைச்சியும், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கை மாவுத்தாளில் சுருட்டிச் சுட்ட பீட்டா, மூன்றாம் நாள் அடைத்த மிளகாய். மேஸ்திரிக்குச் சோறு போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. காபி மட்டும் பதினான்கு தடவை. கீழே அவர்கள் "உங்க பாதி, என் பாதி" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுமந்த நாற்பது வாளி எந்தப் பாதியில் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் பாய்லர் எரிந்தது. மாடியில் ரேடியேட்டர்களில் காற்று இறக்க ரசிம் சாவியோடு போனார். விங்கோ சமையலறையில் கை கழுவினான்.

"எவ்வளவு?" என்றேன்.

துண்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அதெல்லாம் பாத்துக்கலாம், அக்கா."

"நான் ஆம்பளை இல்ல, விங்கோ. எனக்கு அந்த வியாதி கிடையாது. எவ்வளவு?"

கதவை ஒரு தடவை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "முழு வேலைன்னா எழுநூறு. அண்ணன் பாதி பண்ணிட்டாரு, முன்னூத்தம்பது. அவர் பண்ண பாதிய சரி பண்ண ஒரு நூறு. நானூத்தம்பது. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

நேர்மையான கணக்கு. அவன் வெளியே சாமான்களை வண்டியில் ஏற்றப் போனான். ரசிம் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து எழுநூறையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"கவர்ல போட்டு ஒட்டிக் குடு."

"மொத்தமுமா? அப்போ நீ பண்ண பாதி?"

"மெதுவா பேசு. அந்த சாம்பல் பெட்டி விஷயத்த அவன் காபிக்கடைல சொன்னா நான் அங்க எப்படிப் போய் உக்காருறது?"

"என் பல்லு?"

"வசந்தத்துல பாக்கலாம், கெழவி." சொல்லிவிட்டு மறுபடி மாடிக்குப் போய்விட்டார். அங்கே இறக்குவதற்குக் காற்று ஏதும் மிச்சம் இல்லை.

நான் உட்கார்ந்தேன். மேசையில் எழுநூறு மார்க், ஒரு கவர். நானூற்றைம்பதை உள்ளே வைத்தேன். பிறகு இன்னொரு ஐம்பது: சாம்பல் பெட்டியைப் பார்த்து அவன் சிரிக்காமல் இருந்ததற்கு. மீதி இருநூறு. நாற்பது வாளி, மூன்று சாப்பாடு, பதினான்கு காபி, ஒரு கிரேன் ஓட்டுநரின் இருபது நிமிடம். சந்தையில் இதைவிடக் குறைவாக யாரும் வரமாட்டார்கள். இருநூறு மேலங்கிப் பைக்குப் போனது. கவரை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினேன்.

ரசிம் கவரைக் கொடுத்தார். விங்கோ எண்ணாமல் பையில் போட்டான். ரசிம் கூரையைப் பார்த்தார், விங்கோ தரையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

பத்து நாள் கழித்துக் காலைக் காபியில் சர்க்கரைக்கட்டியை முக்கி முன்பல்லால் கடித்தேன். அந்தச் சத்தத்தில் ரசிம் தலை நிமிர்ந்தார்.

"அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீ சொன்ன மாதிரிதான். மிச்சமான கூலியிலேர்ந்து."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு முகம் வெளுத்தது. "அவனுக்குக் குறைச்சலா குடுத்தியா?"

"அவன் கேட்டதவிட கூடதான் குடுத்தேன்."

"கேட்டானா? தொகைய வாயால சொன்னானா?" பல்லைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி. "எவ்வளவு சொன்னான்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவரால் இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை. கேட்பவன் கஞ்சன். தொப்பியை எடுத்துக்கொண்டு காபிக்கடைக்குப் போனார். மாலைக்குள் தெருவில் பேச்சு வந்துவிட்டது: பாய்லர் வேலையில் பாதியைத் தானே செய்து, அந்த மிச்சத்தில் பெண்டாட்டிக்குப் பல் கட்டிய கெட்டிக்காரன் ரசிம்.

வசந்தத்தில் பாய்லரைச் சுத்தம் பண்ண விங்கோ வந்தான். கீழே ரசிம் அவனுக்குத் தன் மேடையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு இறங்கினேன். விங்கோ சாம்பல் பெட்டியை முழுசாக வெளியே இழுத்தான், மெதுவாக உள்ளே தள்ளினான், மறுபடி இழுத்தான்.

"நல்லா வருது, அண்ணே" என்றான். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டு கையிலும் தட்டு இருந்தது. சிரித்தேன், வாயைப் பொத்தவில்லை.