ஜன்னலைப் பார்த்தவர்கள்

ஜன்னலின் விலை மறுபடி ஏறியிருந்தது. சில்லு போனைத் தலையணைமேல் கவிழ்த்து வைத்தாள். அறை இருட்டானது. வெளியே நல்ல வெயில்தான். உள்ளே வர அதற்கு வழி இல்லை.

அண்ணன் வீட்டு மாடியில் அவளும் கணவனும் ஓர் அறை எழுப்பியிருந்தார்கள். கூரை முடிந்தது, பூச்சு முடிந்தது, குடியும் வந்தாயிற்று. மேற்குச் சுவரில் ஜன்னலுக்காக விட்ட திறப்பு மட்டும் மிச்சம். அதில் ப்ளைவுட் பலகை அடித்திருந்தது. பலகை ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. சாயங்காலம் அதன் வழியே கோடாக ஒரு வெளிச்சம் வந்து, கட்டிலைத் தாண்டி, கதவில் ஏறி அணையும். அந்த வீட்டுச் சூரியன் அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. சின்ன உருவம், கையில் எப்போதும் ஒரு கண்ணாடித் துண்டு. சில்லு என்று கடையில் வைத்த பெயர் வீடு வரை பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய சாமான்கள் விற்கும் இணையதளத்தில் அந்த ஜன்னலைக் கண்டாள். இடித்த வீட்டிலிருந்து கழற்றியது. மூன்று கதவுகள், கதவுக்கு நான்கு கண்ணாடிகள். அந்தக் காலத்துக் கண்ணாடி என்பதால் பரப்பில் மெல்லிய அலை இருந்தது. அப்படி ஒரு லென்ஸ் கடைக்கு வந்தால் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவார்கள். படத்தில் ஜன்னல் ஒரு சுவரில் சாய்ந்து நின்றது. எதிரே இருந்த வானம் அதில் விழுந்து, ஓடுகிற தண்ணீரில் விழுந்தது போல நெளிந்தது. நாள் முழுக்க நெளியாத கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவும் சொல்லிவைத்தது போல் பொருந்தியது. விலையும் கைக்கு எட்டியது. சம்பளம் வரட்டும் என்று இருந்தாள். சம்பளம் வந்தபோது விலை ஒரு படி மேலே போய் உட்கார்ந்திருந்தது. அவள் எக்கினாள், அது இன்னொரு படி ஏறியது.

ஏறும்போதெல்லாம் படமும் மாறியது. முதல் தடவை ஜன்னலைக் கழுவித் துடைத்திருந்தார்கள். அடுத்த தடவை அதன் கீழே ஒரு பூனை படுத்திருந்தது. அதற்கடுத்த படத்தில் மாலை வெளிச்சம். கண்ணாடிக்குள் விற்பவரே நின்றிருந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அலையில் அவர் வயிறு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போயிருந்தன. சில்லுவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவர் போட்ட விலைதான் பிடிக்கவில்லை.

தூக்கத்திலும் ஜன்னல் வந்தது. சுவர் இல்லாமல் வந்தது. ஒரு வெளியில் தனியாக நிற்கும். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் மழை. சுற்றிப் போய்ப் பார்த்தால் மழை இந்தப் பக்கம் வந்துவிடும். அவள் கதவைத் தள்ளுவாள். கண்ணாடி விரலில் சில்லென்று படும். விழித்தால் பலகை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் கெட்டவனில்லை. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. போன வாரத் தூறலிலேயே பலகை ஊறி உப்பி, கட்டில் கால் நனைந்துவிட்டது. அலுமினியத்தில் தள்ளு ஜன்னல் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், பொருத்துகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அதற்குள் அவளுடைய ஜன்னல் வந்தால் சரி, வராவிட்டால் அதை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

அண்ணிக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு.

"ஒன் புருஷன் எத்தனை மாடி லிஃப்ட்டையும் இறக்கிடுவாரு. ஒரு விலைய இறக்கத் தெரியலையே அவருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது. அலுமினியத்தையும் ஒரு கண்ணு பார்த்து வை" என்றாள்.

சில்லு விற்பவரைப் போனில் அழைத்தாள். இடிக்கிற வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் வாங்கி விற்பவர். குரலில் நல்ல மரியாதை இருந்தது. விலை தன் கையில் இல்லை என்றார். அந்த ஜன்னலை ஏகப்பட்ட பேர் வந்து வந்து பார்க்கிறார்கள், பார்க்கிறவர்கள் கூடினால் விலையைக் கூட்டு மாமா என்று மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறான், தளத்தைப் பற்றி அவனுக்குத்தான் தெரியும் என்றார்.

"இத்தனைக்கும் ஒருத்தரும் போன் பண்ணலம்மா. பெரிய இடத்து ஆளுங்க போல. பதுங்கிப் பதுங்கிப் பார்க்கிறாங்க."

அன்றிலிருந்து அந்த ஆட்கள் அவளோடு வாழத் தொடங்கினார்கள். கடையில் சக்கரம் சுற்றும், தண்ணீர் சொட்டும், லென்ஸின் விளிம்பு மெல்லத் தேயும். அந்த இரைச்சலுக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஓட்டல் கட்டுகிற ஒருவர். நரைத்த முடியை விரித்துப்போட்ட, உயரமான ஒரு பெண். அவள்தான் மிகவும் ஆபத்தானவள். அவளுக்கு ஜன்னலைப் பற்றித் தெரிந்திருந்தது. மாலையில் எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எதைச் சாத்த வேண்டும் என்பது வரை தெரிந்திருந்தது. சில்லு அவளை வெறுத்தாள். சில சமயம் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இருவரும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

யாராவது வாங்கிவிட்டார்களா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பஸ்ஸில் பார்த்தாள். கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். தன் போனில் சார்ஜ் தீர்ந்தால் அண்ணியின் போனை வாங்கிப் பார்த்தாள். விலை ஏறியது.

வெள்ளிக்கிழமை கடையில் பெரிய ஆர்டர். ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்குமான கண்ணாடிகள். போனை எடுக்கவே நேரமில்லை. வீட்டுக்கு வந்ததும் விழுந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் திறந்தபோது விலை ஏறாமல் அப்படியே இருந்தது. படத்தின் அடியில் கண் போல ஒரு சின்னக் குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருப்பது கண்ணில் பட்டது. எப்போதும் இருந்ததுதான். ஜன்னலைப் பார்ப்பவள் அதற்குக் கீழே எதைப் பார்க்கப்போகிறாள். மூடினாள். திறந்தாள். எண்ணில் ஒன்று கூடியது. மூடித் திறந்தாள். இன்னொன்று. ஒரு நிறுத்தம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுத் திறந்தாள். ஒன்றுதான் கூடியிருந்தது. அது அவளுடையது.

ஜோடி போய்விட்டது. ஓட்டல்காரர் போய்விட்டார். உயரமான பெண் கொஞ்ச நேரம் நின்றாள், அவளும் போனாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சில்லுவுக்கு வீடு காலியானது போல இருந்தது.

அன்று கடை அரை நாள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணி சிரித்து முடிக்க நேரமாயிற்று. ஊரில் கண் பட்டால் பொருள் விரிசல் விடும், இவள் கண் பட்டு விலை ஏறியிருக்கிறது என்றாள். பேசாமல் பார்க்காமல் இரு, தானாக இறங்கும் என்று வழியும் சொன்னாள். நல்ல வழிதான். அது நடக்க நாள் வேண்டும். இருந்தது அன்று சாயங்காலம் மட்டும்.

சில்லு கிளம்பிப் போனாள்.

கிடங்கு ஊர் ஓரத்தில் இருந்தது. எங்கேயும் திறக்காத கதவுகள் வரிசையாக நின்றன. எந்த மாடிக்கும் போகாத ஒரு படிக்கட்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. இப்படி ஓர் இடத்தைத் தூக்கத்தில் முன்பே கடந்து வந்தது போல அவளுக்கு இருந்தது. கடைசியில், சுவரில் சாய்ந்து, ஜன்னல். படத்தில் இருந்ததைவிடச் சிறியது. படத்தில் தெரியாத ஒரு கீறல், கடைசிக் கண்ணாடியில். அவள் அதைத் தொட்டாள்.

விற்பவர் வந்தார். கண்ணாடிக்குள் இருந்ததைவிட நேராக இருந்தார். நேரமாகிறது, நாளைக்கு இன்னும் ஏற்றச் சொல்லியிருக்கிறான் மாப்பிள்ளை, நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தார்.

"அந்தக் கூட்டம் நான்தாண்ணே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவர் போனிலேயே அவர் கடைப் பக்கத்தைத் திறந்து எண்ணைக் காட்டினாள். பிறகு தன் போனில் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அவர் போனில் எண் ஏறி ஏறி வந்தது. அவர் ஓர் உத்தரத்தின்மேல் உட்கார்ந்தார்.

"முந்நூறு தடவைக்கு மேலயா?"

"ஆமாண்ணே."

அவர் எண்ணை இன்னொரு முறை பார்த்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கேக்கிற ஆளு நீ ஒருத்திதான்னா விலைய இறக்கணும். ஒருத்திக்கே இம்புட்டு வேணும்னா ஏத்தணும். மாப்பிள்ளை இதச் சொல்லித் தரலையேம்மா."

அவள் பேரம் பேசவில்லை. இதைச் சொன்னதோடு பேரம் பேச அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவர் எழுந்து, ஜன்னலைச் சுவரிலிருந்து நிமிர்த்தி, இந்தப் பக்கம் பிடித்துக்கொள் என்றார். பிடித்தாள். அவர் மறுபக்கம் போய்க் குனிந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கதவுகள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பவை போல ஆடின.

"விக்கிறதுக்குத்தான் தொடச்சேன். பார்க்கல" என்றார் அங்கிருந்து.

அவளுக்குப் பயம் வந்தது. இப்போது பார்க்கிறவர்கள் இரண்டு பேர். வைத்துக்கொள்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஒரு விலை சொன்னார். முதல் விலையும் இல்லை, கடைசி விலையும் இல்லை. அவள் கைக்கு எட்டியது. வண்டிச் செலவு உன்னுது என்றார்.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ ஒரு மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட்டில் இருந்தான். நாளைக்கு வருகிற ஆளிடம் அலுமினியம் வேண்டாம், இதையே பொருத்தச் சொல்கிறேன் என்றான். அப்புறம், அது நல்லாயிருக்கா என்று கேட்டான். அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

சரக்கு வண்டியின் பின்னால் ஜன்னலை நிற்கவைத்துக் கயிறு கட்டினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓட, தெரு ஜன்னலுக்குள் ஓடியது. கடைப் பலகைகள் நீண்டு சுருங்கின. விளக்குக் கம்பங்கள் வளைந்து வணங்கி நிமிர்ந்தன. நடக்கிற மனிதர்கள் கால் தரையில் படாமல் போனார்கள்.

சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார்.

"விக்கிறதுக்காங்க?"

இத்தனை நாளில் உண்மையாக வந்த முதல் ஆள். கண்ணாடிக்குள் அவர் முகம் இரண்டு அலைகளுக்கு நடுவே மிதந்தது. ஆசை அதில் அப்படியே தெரிந்தது. அவளுக்கு அது தெரிந்த ஆசை.

"இல்லீங்க" என்றாள். சட்டத்தின் மேலிருந்த கையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். "பார்த்துக்கோங்க."

விளக்கு மாறும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.