சலவைக்கடைக்குக் காற்று திரும்பிய விதம்

காற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பெரிய விசிறியைச் சுழலவிட்ட செவ்வாய்க்கிழமை முதல் சலவைக்கடை வீட்டின்மேல் காற்று படவில்லை. தெருவெங்கும் புழுதி பறந்தது, எதிர்வீட்டு ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது, சலவைக்கடை மொட்டைமாடிக் கொடியில் மட்டும் போர்வைகள் அட்டைபோல் அசையாமல் தொங்கி, மூன்றாம் நாள் நாறத் தொடங்கின. வீட்டுக்குள் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஃபேனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரத்துணியை யார் வாங்குவார்கள்? ஆஸ்பத்திரிக்காரர்கள் போர்வைகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து மனையில் நாற்பது மாடி கட்டவிருந்த நிறுவனத்தின் ஆள், இதற்கென்றே காத்திருந்தவர்போல வாசலில் வந்து நின்று, "இப்பவாவது வித்துடுங்கம்மா, எங்க கட்டடத்துக்குக் காத்து சோதனைகூட ஆரம்பிச்சாச்சு" என்றார். விற்றுவிடலாம் என்று கணவரும் முணுமுணுத்தபோது கடைக்காரம்மா வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, காற்றைச் சோதிக்கிற இடம் எது என்று விசாரித்துப் போனாள்.

அங்கே ஒரு நீண்ட கூடத்தின் கோடியில் விசிறி, நடுவில் வட்டப் பலகை. பலகையின்மேல் நாற்பது மாடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. காற்றின் அழுத்தத்தை அளக்க அதன் உடம்பெல்லாம் ஊசித்துளைகள். சுற்றிலும் அவளுடைய தெரு, தெர்மாகோலில். எதிர்வீடு இருந்தது, மருந்துக்கடை இருந்தது, அவள் வீடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பலகை.

"எங்க வீட்டக் காணோமே சார்?"

கட்டி முடிக்கிற நாளில் அக்கம்பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே மாதிரியை வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம் என்று பொறியாளர் விளக்கினார். "அதுக்குள்ள அந்த வீட்டை வாங்கி இடிச்சிடுவோம்னு சொன்னாங்கம்மா. அதான் வைக்கல."

"நாங்க குத்துக்கல்லாட்டம் உள்ளதானே இருக்கோம்! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

பொறியாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனுஷர். அன்று மதியமே டேப்பும் கையுமாக வந்து, காற்றில்லாத அந்த வீட்டில் வேர்த்து விறுவிறுத்து, தண்ணீர்த்தொட்டிவரை அளந்துகொண்டு போனார். தீப்பெட்டி அளவில் வீட்டைச் செய்து ஒட்டினார். ஆய்வுக்கூடத்தில் விசிறியைப் போட்ட நிமிடமே இங்கே கணவர் மாடியிலிருந்து, "ஏய், போர்வையெல்லாம் பறக்குது, ஓடி வா!" என்று கத்தினார். நிறுவனத்து ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. வீடு விலைபோகவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களும் திரும்பி வந்தார்கள்.

விசிறி நின்றால் அவர்கள் வீட்டுக் காற்றும் நின்றுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் சோதனை முடிந்தும் அந்த மாதிரியை மட்டும் பரணில் போடாமல், கூடத்து மூலையில் ஒரு மேசைவிசிறிக்கு முன்னால் வைத்தார்கள். நாற்பது மாடி எழும்பித் தெருவின் காற்றையெல்லாம் மறைத்துக்கொண்ட பிறகு, தெருவாசிகளும் ஈரத்துணியோடு சலவைக்கடை மாடியேற ஆரம்பித்தார்கள். கடைக்காரம்மா தினமும் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போடுவாள். பழைய பொறியாளர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்தார். முதல்நாள் ஃபோனை எடுத்த அவரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. விசிறியை எத்தனையில் வைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.