கொசுவுக்குக் கை கொடுத்தவள்

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் இருந்த கொசு ஆராய்ச்சிக் கூடத்தில் மெர்சிலினுக்கு இருந்த மரியாதை அவள் படித்த விலங்கியலுக்கு இல்லை, அவளுடைய இடது கைக்கு. ஏரியோரச் சதுப்பிலிருந்து பிடித்து வந்த ஒரு கொசு வகையை அங்கே கூண்டில் வளர்த்தார்கள். கொசுவலையில் தடவும் மருந்துக்குச் சாகாத ஜாதி. ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. வேறு யார் கையை நீட்டினாலும் கடனே என்று ஒரு கடி கடித்துவிட்டுப் பறந்துவிடும். மெர்சிலின் கையை உள்ளே விட்டால் மட்டும் வயிறு புடைக்கக் குடிக்கும், கொத்துக் கொத்தாக முட்டையிடும்.

கொசுவுக்குப் பிடித்த பெண்ணுக்கு மேல்படிப்பு மேல் ஆசை வந்துவிட்டது. கூடத்தின் தலைவி டாக்டர் அவுமாவிடம் யோசனை கேட்டாள். நைரோபியில் ஒட்டுண்ணிப் படிப்பு இருக்கிறதே என்றாள்.

"நல்ல படிப்புதான். ஆனா அங்க கூட்டத்துல நீயும் ஒருத்தியா நிப்ப. உன்னை யாரு கவனிப்பா?" என்றார் அவுமா.

அக்ராவில் மரபணுப் படிப்பு என்றதும், "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி. உனக்குச் சரிப்படாது" என்றார்.

கேப் டவுனில் சூழலியல் என்றபோது சிரித்தே விட்டார். "அந்தக் குளிர் உன் இருமலுக்கு ஆகுமா? கொஞ்சம் பொறு பொண்ணே. அவசரப்படாதே. ஆமா, சாப்பிட்டியா?"

கல்யாணப் பேச்சில் வருகிற மாப்பிள்ளைக்கெல்லாம் ஒரு நொட்டை சொல்கிற வீட்டில் விஷயம் வேறு என்று யாருக்கும் தெரியும். மெர்சிலினுக்குத் தெரியவில்லை. கூண்டு கழுவும் ஒகெல்லோதான் எடுத்துக் கொடுத்தான்.

"நீ போயிட்டா இந்தப் பிசாசுங்களுக்கு யாரு சோறு போடுறது தங்கச்சி? பால் கறக்கிற மாட்டை எவனாவது சந்தைக்கு ஓட்டுவானா?"

"சும்மா இரு அண்ணே. மேடம் அப்படிப்பட்டவங்க இல்ல."

"நான் என்ன சொல்லிட்டேன்? மாட்டைப் பத்தித்தானே சொன்னேன்!" என்று அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. நேற்றுவரை அன்பாகத் தெரிந்ததெல்லாம் இன்று கணக்காகத் தெரிந்தது. டப்பாவில் வரும் அவித்த முட்டை, உகாலிக் களியோடு வரும் பொரித்த மீன், கீரை, ஈரல், எல்லாம் ரத்தம் ஊறுகிற சாப்பாடு. காய்ச்சல் வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரே, அது? மாட்டுக்கு நோய் வந்தால் சொந்தக்காரன் சும்மா இருப்பானா? "சாப்பிட்டியா?" என்று அவுமா கேட்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி தன் வயிற்றுக்கா கூண்டுக்கா என்று யோசித்தாள். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கேப் டவுனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியது. அவுமாவின் சிபாரிசு இல்லாமல் அது நடக்காது. கேட்டபோது, "நைரோபி போயிட்டு வந்துடறேன். வந்ததும் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்று மெர்சிலினுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் மருந்துக் கடையில் சொறி சிரங்குக்கு என்று சொல்லி ஐவர்மெக்டின் மாத்திரை வாங்கினாள். அதை விழுங்கியவரைக் கடிக்கும் கொசு பிழைக்காது. கை கொடுக்கிறவர் என்ன மாத்திரை போட்டாலும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் முதல் விதி. அந்த விதியைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கொசு இல்லையென்றால் என்னை எதற்குக் கட்டிப்போடுவார்கள்? இந்த ஒரு நினைப்போடு மறுநாள் கையைக் கூண்டுக்குள் விட்டாள். மொய்த்தன. கடிக்கிறதெல்லாம் பெண் கொசுதானே, "குடிங்கடி, நல்லாக் குடிங்க" என்றாள். தன் ரத்தத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை அவை. கையை மட்டும் எடுக்கவில்லை.

அவுமா திரும்பி வந்த அன்று கையில் மீன் பொட்டலம், வாய் நிறையச் சிரிப்பு.

"மெர்சிலின்! சாப்பிட்டியா? இங்க வா, உக்காரு. நம்ம திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிட்டாங்க. ஒரு மாணவிக்கு இடம். முதுகலை, அப்படியே முனைவர் பட்டம் வரைக்கும். அது நீதான்! இந்தக் கொசு ஏன் மருந்துக்குச் சாகலன்னு நீதான் கண்டுபிடிக்கப் போற. அந்தச் சதுப்பையும் மண்ணடிச்சு மூடிட்டாங்க, இனி உலகத்துல வேற எங்கயும் இந்தக் கொசு கிடைக்காது. வலை கரைக்கு வராம மீனைப் பங்கு போட வேண்டாம்னு இவ்வளவு நாளா வாயைக் கட்டிட்டிருந்தேன்."

மெர்சிலின் இடது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். அவுமா எழுந்து கூண்டறைக் கதவைத் திறந்தார்.

கூண்டின் தரை முழுக்கக் கருப்பாகக் கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் காலை உதறிக்கொண்டிருந்தன.

"ஒகெல்லோ!" அந்தக் குரலை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. "மறுபடியும் கரப்பான் மருந்து அடிச்சியா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல மேடம்! அன்னிக்கு நீங்க திட்டினதுக்கு அப்புறம் அந்த டப்பாவையே தொடல!"

"பொய் சொல்லாதே. வீட்டுக்குப் போ. இனி இந்தப் பக்கம் வராதே."

ஒகெல்லோ மெர்சிலினைப் பார்த்தான், அவள் தனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று. சும்மா நின்றால் போதும். அவன் போய்விடுவான், இடம் அவளுக்கே இருக்கும். அவன்தானே இந்த விஷத்தைக் காதில் ஊற்றினான், அனுபவிக்கட்டும் என்றுகூட நினைத்தாள். ஆனால் காதில் விழுந்ததை வளர்த்தது யார்?

சட்டைக் கையை மடித்து இடது கையை நீட்டினாள்.

"மேடம், அண்ணனை விடுங்க. என் ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. நான்தான் ஐவர்மெக்டின் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

அவுமா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்?"

"நீங்க என்னை... இந்தக் கொசுவுக்காகத்தான் வச்சிருக்கீங்கன்னு..." அழுதாள்.

அவுமா ஒகெல்லோவிடம், "மன்னிச்சுக்கப்பா. போய் வேலையைப் பாரு" என்றார். பிறகு ஓரத்துத் தட்டில் தண்ணீருக்குள் நெளிந்த மிச்சப் புழுக்களைக் குனிந்து பார்த்தார்.

"இதுங்க கொசுவாகட்டும். என் கையைக் குடுத்துப் பாக்கறேன். குடிச்சாக் குடிக்குது, இல்லாட்டி இந்த ஜாதியே இதோட போச்சு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மெர்சிலினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கேப் டவுனுக்குச் சிபாரிசு கேட்டியே. இன்னிக்கே அனுப்பிடறேன். அங்கேயே போய்ப் படி."

கேட்டது கிடைத்துவிட்டது. மீன் பொட்டலம் மேசையிலேயே ஆறிக்கிடந்தது. அவள் கிளம்பி வாசல் வரைக்கும் போய் நின்று பார்த்தாள். சாப்பிட்டியா என்று அவுமா கேட்கவில்லை.